எத்தனை கனஅடியில் எத்தனை உப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆற்றுக்கு இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்றில் காலை எட்டு மணிக்கு ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் கேஜ் அளவும், வினாடிக்கு எத்தனை கனஅடி ஓடுகிறது என்பதும் இருக்கும். மற்றொன்றில் குளோரைடு, கடினத்தன்மை, காரத்தன்மை, மின்கடத்துதிறன். முதலாவது மாடியில் பொறியாளர்கள் அறையில், இரண்டாவது கீழே எங்கள் ஆய்வக மேசையில். ஒரே ஆற்றின் ஒரே நாளைப் பற்றிய இரண்டு ஏடுகள், ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று சந்திக்காமலே கிடந்தன. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த வேதியியலாளர் மட்டும் மாதிரி வந்த நாளெல்லாம் மாடியேறிப் போய், அன்றைய கனஅடியைப் பென்சிலால் தன் தாளில் குறித்துக்கொண்டு இறங்குவார். அது அறிக்கையில் ஏறாது. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. "கனஅடி தெரியாம குளோரைடு எழுதறது, குழந்தையோட வயசு தெரியாம எடை எழுதற மாதிரிப்பா" என்பார். இந்தத் தொழிலில் நான் கற்ற மற்ற எல்லாம் அந்தப் பென்சில் குறிப்பிலிருந்து வந்தவைதான்.

எங்கள் வேலை பெரும்பாலும் நடு காவிரியிலும் அதன் கிளைகளிலும். பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை வந்து சேரும் பகுதி. கோடையில் மேட்டூரில் குடிநீருக்காக ஆயிரம் கனஅடி அளவில்தான் திறந்துவிடுவார்கள். அந்த நீர் கொடுமுடி வழியாக முசிறிக்குப் போய்ச் சேருவதற்குள் மின்கடத்துதிறன் படிப்படியாக ஏறும். அணையில் விட்ட தண்ணீர் ஒன்று, முசிறிப் பாலத்தடியில் நாங்கள் பிடிக்கும் தண்ணீர் வேறொன்று. நடுவில் வயல்களின் கழிவுநீர் வடிகிறது, ஊர்களின் சாக்கடை இறங்குகிறது, கரையின் இருபுறமும் நிலத்தடி நீர் கசிந்து வருகிறது. இந்தக் கசிவு கொங்குப் பகுதியின் கடினப் பாறைகளுக்கும் சுக்கான் படிவுகளுக்கும் இடையில் நெடுநாள் தங்கியது. கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வருவது. மழைநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. மண்ணிலும் பாறையிலும் எத்தனை நாள் தங்கியதோ அத்தனைக்கு உப்பு. கோடை ஆற்றில் நாம் அள்ளுவது பெரும்பாலும் தங்கி வந்த தண்ணீர், ஆடி ஆவணியில் அள்ளுவது ஓடி வந்த தண்ணீர்.

ஆடிப்பெருக்குக்கு மக்கள் ஆற்றில் முளைப்பாரி விடும் வாரத்தில் எங்கள் ப்யூரெட்டிலும் மாற்றம் தெரியும். குளோரைடு பார்க்க மாதிரியில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக இறக்குவோம். மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் நெடுநேரம் இறக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஆகஸ்டில் கை குழாயைத் திருகுமுன்னே நிறம் மாறிவிடும். வெள்ளம் உப்பைக் கலைத்து மெலிதாக்குகிறது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவுக்கு மெலிதாக்குகிறது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது.

தண்ணீர் பத்து மடங்கானால் உப்புச் செறிவு பத்தில் ஒன்றாக வேண்டும் என்றுதான் தோன்றும். இயற்கையான ஆற்றில் அப்படி ஆவதில்லை. மூத்தவர் மடக்கைத் தாளில் புள்ளி வைப்பார்: கிடையில் கனஅடி, நெடுக்கில் செறிவு. உப்பு ஒரு குழாயிலிருந்து நாள்தோறும் ஒரே அளவில் வருகிறது, மேலே மழைநீர் மட்டும் கூடுகிறது என்றால், புள்ளிகள் நாற்பத்தைந்து பாகைச் சரிவில் நேராகக் கீழே இறங்கும். நிலமே உப்பைத் தருகிறதென்றால் சரிவு மிகக் குறைவாக இருக்கும், சில நேரம் கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். காரணம், மழை பெய்ததும் ஆற்றுக்கு வருவது புது மழைநீர் மட்டும் அல்ல. மண்ணுக்குள் ஏற்கெனவே தேங்கியிருந்த பழைய நீரை மழை தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தப் பழைய நீர் தன் உப்போடு வருகிறது. அமெரிக்காவில் மனிதக் கை அதிகம் படாத 59 நீர்ப்பிடிப்புகளின் பதிவுகளை எடுத்துக் காட்ஸி, கிர்ச்னர், க்ளோ என்ற மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: நீரோட்டம் பன்மடங்கு மாறினாலும் பாறையிலிருந்து வரும் கால்சியம், சிலிக்கா போன்றவற்றின் செறிவு அந்த அளவுக்கு மாறுவதில்லை. அதைப் படித்தபோது மூத்தவரின் மடக்கைத் தாள்கள்தான் கண்முன் வந்தன.

எந்தப் பாலத்தடியில் பிடித்த மாதிரி என்று சொல்லாமல் ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்தாலும், அந்தச் சரிவைப் பார்த்து இந்த ஆற்றில் உப்பு நிலத்திலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அதற்குக் கனஅடி வேண்டும். அந்த எண் இல்லாத தாள்கள் பீரோ பீரோவாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எத்தனை பேருடைய உழைப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளத்தை மாதிரியெடுப்பது தனிப் பாடு. மாதிரி எடுக்கும் தேதிகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டவை. வெள்ளம் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. பெரும்பாலும் இரவில் வரும். கரண்ட் மீட்டரை இறக்கி நீரோட்ட வேகம் அளப்பவர்களே வெள்ளத்தில் பரிசலைத் தள்ள முடியாமல் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் இறக்குவார்கள். நாங்கள் பாட்டிலோடு போய் நிற்பதற்குள் உச்சம் தாண்டியிருக்கும். ஆகவே எல்லா ஆறுகளின் பதிவுகளிலும் அமைதியான நாட்கள் நிறைய, கொந்தளித்த நாட்கள் மிகக் கொஞ்சம். ஆண்டு முழுக்க ஆறு சுமந்த உப்பில் கணிசமான பங்கு அந்தக் கொஞ்ச நாட்களில் போய்விடுகிறது.

பரிசல்காரர் ஒருவர் இதில் எனக்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய ஊரிலிருந்து ஆள் அனுப்பிவிடுவார். "புதுத்தண்ணி வருதுங்க சார், வாசம் மாறீருச்சு." கேஜில் இன்னும் இரண்டு விரல்கூட ஏறியிருக்காது. போய்ப் பிடித்தால், வெள்ளம் உப்பைக் குறைக்கும் என்ற விதிக்கு நேர்மாறாக, மின்கடத்துதிறன் முந்தைய நாளைவிட அதிகமாக இருக்கும். மாதக்கணக்கில் சாக்கடைகளிலும் பள்ளங்களிலும் வாய்க்கால் குட்டைகளிலும் வற்றிச் சுண்டிக் கிடந்த நீர், தரையில் பூத்த உப்பு, தெருக் குப்பையின் சாறு எல்லாவற்றையும் முதல் ஓட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. கறுத்த நுரை மிதக்கும். கரைந்த ஆக்சிஜன் விழுந்து கெண்டையும் ஜிலேபியும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். சிறுவர்கள் கூடை கொண்டு ஓடி வருவார்கள். சில மணி நேரம்தான். பிறகு செந்தண்ணி வரும், உப்பு சரசரவென்று இறங்கும்.

அதனால் ஒரே கேஜ் அளவுக்கு இரண்டு உண்மைகள் உண்டு. ஆறு ஏறும்போது ஐந்தடியில் பிடித்த மாதிரியும், இறங்கும்போது அதே ஐந்தடியில் பிடித்த மாதிரியும் ஒன்றல்ல. ஏறுமுகத்தில் தரையைக் கழுவிய நீர். இறங்குமுகத்தில் கழுவி முடித்த தரையின் நீரும், மண்ணுக்குள்ளிருந்து மெல்ல வடியும் நீரும். மூத்தவரின் காலத்துக்குப் பிறகு நான் என் குறிப்புகளில் கனஅடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறியும் போட ஆரம்பித்தேன். மேல் நோக்கி, அல்லது கீழ் நோக்கி. என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

எல்லாப் பொருளும் குளோரைடைப் போல நடந்துகொள்வதில்லை. நைட்ரேட் எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் மற்றதெல்லாம் குறையும்போது இது சில இடங்களில் ஏறும், அதிலும் வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு ஏறும். வயலில் போட்ட யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் காத்திருக்கிறது. மண் அதைப் பிடித்து வைக்காது. மழை ஊறி இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வேர்மட்டத்துக்குக் கீழே சுற்றி, சில நாள் கழித்து ஓடைக் கரைகளில் கசிகிறது. ஆகவே தாமதம். பாஸ்பேட் இதற்கு மாறானது. அது மண்துகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது, கலங்கல் எவ்வளவோ அவ்வளவு. இங்கேதான் வடிகட்டுவது முக்கியமாகிறது. 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டாமல் செந்தண்ணியை அப்படியே அமிலமிட்டு வைத்தால், மண்ணில் ஒட்டியதும் கரைந்து, கரைசலில் இருந்ததாகக் கணக்கில் வந்துவிடும். வெள்ள நாள் மாதிரியில் இரும்பும் மாங்கனீசும் திடீரென்று எகிறியிருந்தால் நான் முதலில் கேட்பது, ஆற்றங்கரையிலேயே வடிகட்டினீர்களா என்பதுதான்.

வெப்பநிலையையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ஒரு பாகை சூடானால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கூடும். இப்போதைய கருவிகள் 25 பாகைக்குத் தாமே திருத்திக்கொள்கின்றன. பழைய கருவிகளில் நாம்தான் திருத்த வேண்டும். கோடையில் நீர் வற்றி ஆறு ஆழமில்லாமல் ஓடும்போது வெப்பமும் சேர்ந்து ஏறுகிறது. திருத்தாத பழைய எண்களில் கோடை உப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும்.

இனி நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் கடந்து, கொடுமுடிக்குக் கீழே நொய்யல் என்ற ஊரில் காவிரியில் சேரும் ஆறு. மலையடிவாரம் தாண்டினால் மழை குறைந்த பூமி. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ. சாயத்தைத் துணியின்மேல் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை. அது துணியில் தங்காது, அலசுநீரோடு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் போட்டுச் சுத்திகரித்தால் நிறம் போகும், கசடு படியும். கரைந்த உப்பு அசையாது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, நொய்யலில் கோடைக்காலத்திலும் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மழையில்லாத ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அந்த ஓட்டமே கழிவு. இந்த ஆற்றுக்கு இனி கோடையில் நீரோட்டம் என்று தனியாக ஒன்றில்லை என்று என் தாள்களைப் பார்த்துப் புரிந்துகொண்ட நாள் எனக்கு மறக்காது. புள்ளிகள் நாற்பத்தைந்து பாகையில் நேராக இறங்கின. குழாயின் கோடு.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னிமலை, காங்கேயம் பக்கத்து வானம் பார்த்த நிலங்களுக்கும் கரூர்ப் பக்கத்துக்கும் பாசனம் தர வேண்டும் என்று கட்டியது. சில ஆண்டுகளிலேயே எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீர் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. நாங்கள் அணைக்குக் கீழே மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, மழை பேஞ்சு அணை நெறஞ்சா உப்பு கொறஞ்சிருமுங்கறாங்களே, கொறயுமுங்களா?" என்றார். குறையும் என்று சொன்னால் அது எண்ணளவில் சரி. ஆனால் அவர் கேட்டது எண்ணை அல்ல, தன் மண்ணை.

அந்தக் காலத்தில் எங்கும் இதே பேச்சுத்தான். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. வெள்ளக் காலத்தில் திறந்துவிட்டால் ஆற்றில் அந்த அளவுக்குக் கீழேதானே இருக்கும் என்று பலர் வாதிட்டார்கள். இதற்கு என்னிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. வினாடிக்கு ஒரு கனஅடி என்பது ஒரு நாளைக்குச் சுமார் இருபத்து நான்கரை லட்சம் லிட்டர். ஆகவே கனஅடியை மில்லிகிராமால் பெருக்கி அதை 2.45ஆல் பெருக்கினால், அன்று ஆறு சுமந்த உப்பு கிலோவில் வந்துவிடும். கோடையில் ஓர் ஆற்றில் நூறு கனஅடி, லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 735 டன். வெள்ளத்தில் அதே ஆற்றில் இரண்டாயிரம் கனஅடி, 500 மில்லிகிராம். குடிநீர்த் தரத்துக்கே அது ஏற்ற அளவு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று போன உப்பு 2450 டன். செறிவு ஆறில் ஒரு பங்காகிவிட்டது, சுமை மூன்று மடங்குக்கு மேலாகிவிட்டது. மெலிந்துபோன உப்பு மறைந்துபோன உப்பு என்று நினைப்பவர்களிடம் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டுவேன். ஒரு கூட்டத்தில் இதைக் கரும்பலகையில் போட்டபோது யாரும் பேசவில்லை. பிறகு தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

காவிரியில் நொய்யல் சேரும் இடத்திலும் இதே கணக்கு வேறு விதமாக விளையாடும். காவிரியில் ஆயிரம் கனஅடி, 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நொய்யலில் நூறு கனஅடி, 3000 மில்லிகிராம். இரண்டும் கலந்தால் 500. பத்தில் ஒரு பங்கு நீர், ஆற்றின் உப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது. காவிரியில் பத்தாயிரம் கனஅடி ஓடினால் அதே நொய்யல் அதை 277க்கு மேல் ஏற்றாது. ஆகவே மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது தெரியாமல் நொய்யலின் பாதிப்பைப் பற்றி யார் எது சொன்னாலும் அது அரைப் பேச்சு. கலப்பதும் உடனே நடப்பதில்லை. சேர்ந்த பிறகும் நெடுந்தூரம் நொய்யல் தண்ணீர் வலது கரையை ஒட்டியே ஓடும். நடு ஆற்றில் பிடித்தால் காவிரி, கரையில் பிடித்தால் நொய்யல். கரையோரம் ஆழ்துளைக் கிணறு போட்டுக் குடிக்கும் ஊர்க்காரர்களுக்கு நடு ஆற்று எண்ணால் பயனில்லை. பரிசலில் குறுக்கே போய்ப் பல இடங்களில் பிடித்து, ஒவ்வோரிடத்தின் நீரோட்ட அளவுக்கேற்பக் கலந்துதான் ஆற்றின் உண்மையான மாதிரி கிடைக்கும்.

உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அதில் இருந்தது. அந்தத் துயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், மீட்ட உப்புக் கரைசலை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவது என்று பிறகு எவ்வளவோ நடந்தது. ஆனால் குழாயை அடைத்த மறுநாளே ஆறு நன்றாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் எங்கள் எண்களைப் பார்த்துக் கலங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் உப்பு இறங்கியது மண்ணுக்குள், கிணறுகளுக்குள், பாறை வெடிப்புகளுக்குள். கோடையில் ஆற்றுக்கு வருவது அந்தத் தங்கிய நீர்தான் என்று முன்பே சொன்னேன். ஒரு காலத்தில் ஆறு நிலத்துக்குக் கொடுத்த உப்பை நிலம் இப்போது மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. மடக்கைத் தாளில் கோட்டின் சரிவு குறைந்து படுக்கத் தொடங்கியது. குழாயின் கோடு நிலத்தின் கோடாக மாறிக்கொண்டிருந்தது. சோடியம் வேறு களிமண்ணைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊறவிடாமல் அடைத்துவிடுகிறது. நல்ல மழை பெய்தாலும் கழுவிப் போக வழியில்லை. அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் இதுதான்.

காவிரியும் நான் சேர்ந்தபோது இருந்த காவிரி இல்லை. மணல் போய்ப் படுகை இறங்கிவிட்ட இடங்களில் கரையோரக் கசிவின் வழிகளே மாறிவிட்டன. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டதால், கோடையில் பாறையிலிருந்து வந்த கால்சியம் பைகார்பனேட் நீரின் பங்கு குறைந்து, ஊர்ச் சாக்கடையின் சோடியம் குளோரைடு பங்கு கூடிவிட்டது. மொத்த உப்பு எண் பெரிதாக மாறாமலே உள்ளே கலவை மாறுகிறது. மின்கடத்துதிறனை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. அயனிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கனஅடிக்கு மேல் விட்டார்கள், முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் மதகுகள் உடைந்தன. அந்த வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோன உப்பை அதே 2.45 கணக்கில் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று எடுத்தாலும் ஒரு நாளைக்கு எழுபதாயிரம் டன்னைத் தாண்டும்.

இப்போது ஆற்றிலேயே உணர்கருவியை இறக்கிவிடுகிறார்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண் வருகிறது. ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்த எனக்கு முழு வெள்ளத்தையும் ஒரே கோடாகப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. எங்களால் பிடிக்க முடியாமல்போன இரவு வெள்ளங்கள் எல்லாம் அதில் தெரிகின்றன. ஓய்வுக்குப் பிறகும் இளையவர்கள் அந்தக் கோடுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, உப்புக் கோட்டின்மேல் நீர்மட்டக் கோட்டையும் சேர்த்து வரையுங்கள் என்று. மட்டம் ஏறி உப்பு இறங்கினால் மழை. மட்டம் சற்றே ஏறும்போது உப்பு ஏறிப் பிறகு விழுந்தால் முதல் ஓட்டம். மட்டம் அசையாமல், மழையும் இல்லாமல், நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவில் உப்பு மட்டும் ஏறி இறங்கினால், மேலே எங்கோ யாரோ வால்வைத் திறந்திருக்கிறார்கள். உப்பு ஏறத் தொடங்கிய நேரத்தையும் நீரோட்ட வேகத்தையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், எத்தனை கிலோமீட்டர் மேலே உள்ள வால்வு எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதும் கிடைக்கும். பல இடங்களில் உப்புக் கருவி ஒரு பாலத்திலும், நீர்மட்டக் கருவி பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பாலத்திலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பாலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.